லோடு ஜாஸ்தியாம்

கார்த்திகை, செவ்வாய்.

படுத்தாலும் கோபம் அடங்கவில்லை. வண்டி பறக்கும் என்று சொல்லி, மெக்கானிக்கான மச்சினன் என் ஜீப்பில், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரைப் பெரிசாக மாட்டிவிட்டான். சமதளத்தில், சிலமலை ஊர் வரை பறக்கத்தான் செய்தது. இன்று ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனேன். போடிமெட்டு மலைப்பாதை வளைவில் வேகம் குறைத்ததும் இன்ஜின் திணறி அணைந்தது. பிரேக்கை மிதித்தும் ஜீப் பின்னால் வழுக்கியது. பெண்கள் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்ததால் பிழைத்தோம்.

மலைக்கு எதற்கு வேகம்? வளைவில் மெதுவாக இழுத்தால் போதாதா? பழைய சின்ன கார்புரேட்டர் அதைச் செய்ததே!

சாயந்தரம் அவனைப் பட்டறையில் பிடித்தேன். “ஏன்டா மாப்ளே, எங்கள மலையில இருந்து உருட்டவா பாத்த?”

“கார்புரேட்டர் சரியாத்தான் இருக்கு மச்சான். லோடுதான் ஜாஸ்தி.”

லோடாம்! அந்த லோடில் அவனைப் பெற்ற ஆத்தாவும் இருந்தாள். முதல் கல்லை வைத்தவளே அவள்தான்.