கமலா தொட்ட குழாய்கள்

3 மார்ச் 1986, திங்கள்

தீவின் வடக்கே கிராஞ்சிச் சதுப்பில் பிடித்த குதிரைலாட நண்டுகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டன. தேளுக்கு உறவுக்காரப் பிராணியாம். ரத்தம் நீலம், கிருமியின் சுவடு பட்டாலே உறைந்து கூழாகிவிடும். அந்தக் காவலை உண்டாக்கும் மரபணு எது என்று டாக்டர் லிம் தேடுகிறார். அதற்கு முன் என் சோதனை ஒழுங்காக வரவேண்டும்: கிருமியில்லாத நீரில் ரத்தம் உறையக்கூடாது. இன்று உறைந்தது. தவக்காலமாயிற்றே என்று, கைப்பையில் புட்டியோடு கொண்டுவந்த கோயில் தீர்த்தத்தை மேசையில் தெளித்துத்தான் தொடங்கினேன். அப்படியும்!

6 மார்ச்

மறுபடியும். அந்த நீரைத் தயாரிப்பவள் கமலா. புதிதாகச் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலையில் தினமும் தேக்காச் சந்தை மல்லிகை. நான் சோதனை செய்யும்போது கதவோரம் நின்று என் கையையே பார்க்கிறாள். என்னத்தைப் பார்க்கிறாள்?

13 மார்ச்

உறைந்தது. இப்போது திறந்த சோதனைக் குழாய்களின் மேலும் தீர்த்தம் தெளிக்கிறேன். கமலா என் இடத்துக்குக் குறி வைக்கிறாளோ?

21 மார்ச்

அவளிடம் கேட்டேவிட்டேன். "நான் ஒண்ணும் பண்ணல லா, அக்கா. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு." இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், என் கைப்பையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். திருட்டு முழி. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திங்கள் முதல் அவள் கண்ணாடிச் சாமான் கழுவும் அறையில். ஏப்ரலில் வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்களாம். இனி நீரும் என் பொறுப்பு.

29 மார்ச், பெரிய சனி

கோயிலில் தீர்த்தத் தொட்டி வியாழனிலிருந்து காலி. இன்றிரவு பாஸ்காத் திருவிழிப்பு வழிபாடு முடியும்வரை அப்படித்தான். என் புட்டியிலும் சொட்டு இல்லை. வெறும் கையால் சிலுவை போட்டுத் தொடங்கினேன். ஒரு குழாய்கூட உறையவில்லை! பார்த்தாயா உர்சுலா, நீ சந்தேகப்பட்டது சரி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

31 மார்ச்

புதுத் தீர்த்தம் கொண்டுபோய், நன்றியாக இரண்டு மடங்கு தெளித்தேன். எல்லாம் உறைந்தது. கமலா இன்று விடுப்பு. கட்டடத்திலேயே இல்லை. அப்படியென்றால் யார் —

1 ஏப்ரல்

ஒரு குழாயில் ரத்தத்தோடு தீர்த்தம் மட்டும் ஒரு சொட்டு விட்டு, பொறுத்துக் கவிழ்த்தேன். கூழாக உறைந்து ஒட்டிக்கொண்டது, விழவில்லை. ஆண்டவரே! கழுவும் அறைக்கு ஓடினேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு, அக்கா. உங்க சாமி தண்ணி. அதுல கிருமின்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

"வேலை போயிருக்குமேடி!"

அவள் கையிலிருந்த கண்ணாடிப் புட்டியைக் கழுவினாள். நான் அங்கேயே நின்று அழுதேன். அந்தப் பெண்ணைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்.

7 ஏப்ரல்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கமலா இப்போது சோதனை மேசையில். கழுவும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் அவள் குழாய்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தொடங்கப்போறேன், அக்கா. வந்து ஒரு சிலுவை போடுங்க."

கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, தள்ளி நின்று போட்டேன்.