நைனாவின் காலும் ஏரித் தண்ணீரும்

செப். 14, ஞாயிறு
காற்றே இல்லை. புழுக்கம். லீவு. துணி துவைத்தேன், தலைக்குக் குளித்தேன், தூங்கவில்லை.
முகத்துவாரம் மண்ணடித்துக் கிடக்கிறது. கடல் உள்ளே வரவில்லை. ஏரித் தண்ணீர் கஞ்சி மாதிரி சூடு என்று நைனா சொன்னார். இந்த வாரம் எங்கள் வீட்டுப் பாடு, முறை வந்தவர்களுக்கு ஏரியில் ஒதுக்கிய இடத்தில் நாங்கள் மட்டும்தான் வலை போடலாம். அதனால் நைனா, தம்பி சேகர் இரண்டு பேரும் பகல் முழுக்கத் தண்ணீரில்.

செப். 15, திங்கள்
காலையில் நைனா எழுந்திருக்கவில்லை. காய்ச்சல், நடுக்கம். போர்வையை விலக்கினேன். இடது கணுக்கால் கருநீலம், மேலே கொப்புளம். நேற்று சிப்பி கிழித்ததாம். யாரிடமும் சொல்லவில்லை.
"அப்பவே ஏரித் தண்ணில கழுவிட்டேன். உப்பு பட்டா ஆறிடும்னு."
எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் கழுவிவிட்டார்.
பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து மீஞ்சூர், நான் லேபில் வேலை செய்யும் ஆஸ்பத்திரி. ஏரி என்றதுமே என்ன கிருமி என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மருந்து உடனே ஏற்றினார்கள். சாயந்திரம் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. குடித்துக் கெட்ட ஈரல், ரத்தத்தில் இரும்பு அதிகம், கிருமிக்கு அது நல்ல தீனி என்றார். தெரியும். தெரிந்து என்ன.
நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒத்தக்கால்ல சேத்துல எப்டி நிப்பேன்? வாணாம்."
நானும் சேகரும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம். அம்மா போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினாள்.

செப். 16, செவ்வாய்
லேபில் கூட வேலை செய்யும் கீதா, "நீ பாக்காத, நான் பாத்துக்கறேன்" என்றாள். நைனாவின் புண்ணில் எடுத்ததை வளர்க்க வைத்த தட்டை நான்தான் திறந்தேன். பச்சைத் தட்டில் பச்சைப் புள்ளிகளாகக் கிருமி. கொழுகொழுவென்று. ஒரு ராத்திரியில் இவ்வளவு. எத்தனை பேருடைய தட்டைப் பார்த்திருக்கிறேன், ஒன்றின்மேலும் இப்படிக் கோபம் வந்ததில்லை. மூடி வைத்துவிட்டு ரிப்போர்ட் எழுதினேன்.

நைனாவுக்கு நினைவு வந்து வந்து போகிறது. என்னைப் பார்த்து:
"நாப்பது வருசமா அதே தண்ணி. எம்மேல இன்னா கோவம் அதுக்கு?"
"கோவமே இல்ல நைனா. உன்ன அதுக்குத் தெரியவே தெரியாது."

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தேன். இந்தக் கிருமி இறால் ஓட்டில் ஒட்டிக்கொண்டு அதைத் தின்று வாழும் ஒன்று. தண்ணீரில் அதை விழுங்க வேறு சின்ன உயிர்கள் இருக்கின்றன. மேலே வழவழப்பாக உறை இருந்த கிருமிகள் தப்பித்தன, மற்றவை போயின. தப்பித்தவற்றின் பிள்ளைகளுக்கும் அதே உறை. நம் ரத்தத்திலும் கிருமியை விழுங்கும் அணுக்கள் உண்டு. அங்கே பிழைக்கக் கிடைத்த உறை இங்கேயும் உதவுகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக இன்னும் பெருகுகிறது. நம்மைக் கொல்ல என்று அது ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

"தெரியாமயேவா இப்டி பண்ணுது?" என்றார். அதில்தான் மனசு உடைந்தது போல. கோபம் என்றால் ஏரியைச் சமாதானப்படுத்த வழி தெரியும் அவருக்கு.

மத்தியானம் அவரே சொன்னார்: "சரி, எடுத்துடச் சொல்லு."
எடுத்தார்கள்.

செப். 17, புதன்
விடியும்போது போய்விட்டார். திங்கட்கிழமையே சரி என்று சொல்லியிருக்கலாமே நைனா.

செப். 25, வியாழன்
எரித்த அன்று எனக்கு எதுவும் ஓடவில்லை. இன்றுதான் பேனா பிடிக்கிறேன்.
- வேலைக்குத் திங்கள் போக வேண்டும்
- அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை
- நைனா செருப்பு இரண்டும் வாசலில். யார் எடுப்பது?

அக். 2, வியாழன்
கருமாதி. ஏரிக்கரை. வானம் மூடாக்கு, மழை இல்லை.
சேகருக்கு மொட்டை. கத்தி மூன்று இடத்தில் கீறிவிட்டது. ரத்தம் முத்து முத்தாக. அடுத்து ஏரியில் முழுக்கு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன்.
"டேய், எறங்காத. குழாத் தண்ணி ஊத்திக்கலாம்."
பெரியப்பா திரும்பினார். "இன்னாம்மா பேசுற? அப்பனுக்கு ஏரில முழுகாத புள்ள எங்கயாச்சும் உண்டா?"
"தலயப் பாருங்க பெரிப்பா. ரத்தம் வருது."
"எங்களுக்குல்லாம் வரலியா? நாங்க செத்தா பூட்டோம்?"

அவர் சொல்வதும் நிஜம். நல்ல உடம்பில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சேகருக்கு இருபத்தாறு வயது, குடிப்பதில்லை. படித்த மூளைக்கு அது தெரிகிறது, ஆனாலும் அவன் கையை நான் விடவில்லை. அம்மாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.
சேகர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "நைனாவுக்குத்தான்கா. ஒரே முழுக்கு."

முழுகினான். தலை வெளியே வருவதற்குள் பாட்டிலைத் திறந்துவிட்டேன்.
கரையேறியதும் பிடித்து உட்கார வைத்து, பாட்டில் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, பையில் இருந்த மருந்தைத் தடவினேன். எல்லார் முன்னாலும்தான். யாரோ பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவன் அழுதான், நைனா போனதிலிருந்து முதல் தடவை. "எரியுதுக்கா" என்றான். நானும் மருந்து எரிவதால்தான் அழுகிறான் என்றே வைத்துக்கொண்டேன்.

அக். 3, வெள்ளி
சேகர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மத்தியானம் இன்னொரு தடவை. திட்டினான்.

அக். 5, ஞாயிறு
லேசாகத் தூறல். சேகர் முதல் தடவை நைனா இல்லாமல் தோணி தள்ளினான். முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தேன். "சேத்துல மாட்டிக்கும்கா" என்று வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

இறாலோடு வந்தான். புரட்டாசி, வாங்க ஆளில்லை, குழம்புக்கே ஆகட்டும் என்று அம்மா உரிக்க உட்கார்ந்தாள். கொம்பு குத்துமே என்று லேபில் போடுகிற மாதிரி கையுறை கொடுத்தேன். எனக்காகப் போட்டுப் பார்த்தாள். இரண்டு இறால் உரித்தாள்.
"வழுக்குதுடி. கைல இன்னா கீதுனே தெர்ல."
கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு வெறுங்கையால் உரிக்க ஆரம்பித்தாள். அவள் தனியாக உரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் வெறுங்கையால் ஒரு இறாலை எடுத்தேன்.