அஷ்டமியில் கும்பளங்கிக்குப் போனது

அன்புள்ள மகன் அபிலாஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மால்ட்டாவில் குளிர் பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வாரத்தில் மூன்று நாள் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய், மன்னித்துக்கொள். போனில் பேசும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறார், உன் பின்னால் யாராவது போய் வந்துகொண்டிருக்கிறார்கள், நான் சொல்ல நினைத்ததை விட்டு, சாப்பிட்டாயா என்று மறுபடியும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும். மலையாளத்தில் எழுதிப் பார்த்தேன், குடோன் ஆபீசில் நான் அடிக்கிற கடிதம் மாதிரியே இருந்தது, கிழித்துப் போட்டேன். மெதுவாகப் படி, ஒன்றும் அவசரமில்லை. உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் அன்சார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை புறப்படுகிறான், அவன் கையில் இஞ்சிப்புளியும் உப்பிலிட்ட மாங்காயும் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடிதம் அந்தப் பைக்குள்தான் வரும்.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. சமையலறைக் கூரை ஓடுகளை மாற்றியாகிவிட்டது, இனி மழைக்குப் பாத்திரம் வைக்க வேண்டாம். அப்பாவுக்கு கார்ப்பரேஷனில் இப்போது பகல் வண்டிதான், அதனால் மனுஷர் இரவில் தூங்குகிறார், முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. கொச்சங்காடி முழுக்க கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது, நம் சந்தில்கூட சுனிதா ஒன்று கட்டியிருக்கிறாள். அவளை நினைவிருக்கிறதா, நம் எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண், ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிறாள். பேச்சி அக்கா, காளியம்மை, நான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையில் சைக்கிளைக் கட்டியவள் அவள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை நீ, அம்மா அந்தச் சைக்கிளை விட்டுவிடேன், எல்லாரும் வீடியோவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்கு ஒருமாதிரி இருக்கிறது என்று சொன்னாய். நான் உடனே போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சம்மதித்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை மகனே, இந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அதை உன்னிடம் மறைத்து வைத்துக்கொண்டு என்னால் முகம் பார்த்துப் பேச முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த வீடியோவில் இருப்பதை மட்டும்தான் நீ பார்த்தாய். முட்டளவு தண்ணீரில் ஒன்பது பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறோம், காளியம்மையின் செருப்பு மிதந்து போகிறது, பேச்சி அக்கா தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறாள், சிரிக்கத்தான் தோன்றும். நடந்தது என்னவென்றால் பெரிய கார்த்திகை முடிந்த ஞாயிறு நல்ல நாள், பௌர்ணமி, எல்லாருக்கும் லீவு, அன்றைக்கே முதல் நீளப் பயணம் போவோம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அதுவரை பள்ளிக்கூட மைதானத்திலும் தோப்பும்படி வரைக்கும்தான் ஓட்டியிருந்தோம். வழி போட்டது நான். பள்ளுருத்தி, பெரும்படப்பு, பாலம் ஏறிக் கும்பளங்கி, அங்கிருந்து காயல் தண்ணீருக்கு நடுவே போகிற ரோட்டில் கண்டக்கடவு, அப்புறம் கடலோரமாகச் செல்லானம், கண்ணமாலி வழியாகத் திரும்பி வீடு. பையில் கார்த்திகைப் பொரி உருண்டைகூட வைத்திருந்தோம். பள்ளுருத்தி தாண்டும்வரை ராணிகள் மாதிரி போனோம். கும்பளங்கியில் பார்த்தால் ரோட்டையே காணோம், எங்கே ரோடு எங்கே காயல் என்று தெரியாமல் ஒரே கண்ணாடி. விருச்சிக மாதத்து அமாவாசை, பௌர்ணமி வாவுக்கு, அதுவும் விடிகாலையில், காயல் ஏறி ரோட்டுக்கு வரும் என்பது பிறந்ததிலிருந்து கொச்சியில் கிடக்கிற எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை பார். பௌர்ணமி என்றால் எங்களுக்கு விளக்குதான் ஞாபகம் வந்தது. வாசலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், "எந்தா சேச்சிமாரே, வாவினாணோ சவாரிக்கு வருந்நது? வெள்ளம் எறங்ஙட்டே, கேறி இரிக்கு" என்று கேட்டு, தண்ணீர் இறங்கும்வரை எங்களை உட்காரச் சொன்னாள், பிறகு கேட்டுக்கொள்ளாமலே போனில் படம் பிடித்தாள். அதுதான் உனக்கு வந்தது. உட்கார்ந்து சாயா குடித்தோம், எங்கள் நனைந்த பொரி உருண்டையை அவள் பிள்ளைகள் தின்றார்கள், திரும்பி வந்துவிட்டோம்.

அன்று மாலையே மூன்று பேர், இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களும் ஆறிப்போகிற மாதிரி இருந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது, வழி போட்டது நான்தானே. சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரைப் பார்த்தேன். வாவு நாளில் தண்ணீர் ஏறுமென்றால் இரண்டு வாவுக்கும் நடுவில், நிலா பாதியாக இருக்கும் நாளில், அடங்கித்தானே இருக்கும். பாதி நிலா என்றால் என்ன, அஷ்டமி! நம்மவர்கள் ஒரு சாமான்கூட வாங்காத நாள். தாள் தாளாகத் திருப்பிப் பார்க்கிறேன், காயலுக்கு ஆகிற நாளெல்லாம் நமக்கு ஆகாத நாளாக இருக்கிறது. அடுத்த ஞாயிறே அஷ்டமி. போகலாமா என்று கேட்டதற்கு பேச்சி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அஷ்டமியில நாங்க பொண்ணு பார்க்கவே போகமாட்டோம், இவ காயலுக்குப் போறாளாம். மார்கழி வேற பொறந்தாச்சு" என்றாள். காளியம்மை உடனே, "பௌர்ணமிக்குத் தண்ணி ஆகாது, அஷ்டமிக்கு சாமி ஆகாது, அப்ப நாம ஆகாசத்துலதான் ஓட்டணும்க்கா. என் செருப்பு போனதே நல்ல நாள்லதான்" என்றாள். பேச்சி அக்காவே சிரித்துவிட்டாள். இதற்கு நடுவில்தான் புதன்கிழமை நீ கூப்பிட்டாய்.

மூன்று நாள் யோசித்தேன். நீ விடச் சொன்னதையும் யோசித்தேன். உன் அப்பாவிடம் கேட்டதற்கு, "அவன் வெட்கப்படுறதுக்கு நீ என்ன செய்வே, உனக்கு வெட்கமா இருக்கா, அதச் சொல்லு" என்றார். எனக்கு எல்லாவற்றுக்கும்தான் வெட்கம், உனக்குத் தெரியாதா. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கினவள் என்று பெயர், ஆனால் பஸ்ஸில் ஆள் இறங்கணும் என்று சத்தம் போடத் தெரியாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். ஆனால் யோசித்துப் பார்த்தால் சைக்கிளில் இருக்கும்போது மட்டும் எனக்கு அது இல்லை. அப்பா சனிக்கிழமை சாயங்காலமே பிரேக்கை முறுக்கி, காற்றடித்து, உன் பழைய கியர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டார். 

ஆறு பேர் போனோம். பேச்சி அக்கா நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தாள். பெரும்படப்புப் பாலத்தின் ஏற்றத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது, கியரை ஏறுவதற்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், பாதியில் மாற்றினால் செயின் கழன்றுவிடும், அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கும்பளங்கியில் ரோடு ரோடாகவே இருந்தது. சேறு காய்ந்த கோடு மட்டும் மதில்களில் தெரிந்தது. அதைத் தாண்டி கண்டக்கடவுக்குப் போகும் வழியை உனக்கு எப்படிச் சொல்வேன், இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கை நீட்டின மாதிரி ரோடு. இறால் வளர்க்கிற செம்மீன் கெட்டுகளில் கொக்குகள் வரிசையாக நின்றன, எங்கள் சத்தத்துக்குப் பறக்கக்கூட இல்லை. சீனவலை ஒன்றை இரண்டு பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், சொட்டச் சொட்ட எழும்பியது. வீட்டுக்கு வீடு ஸ்டார், ஒரு பனியில்லாத ஊரில் பஞ்சால் பனி செய்து, குழந்தை இயேசுவுக்குப் புல்கூடு வைத்திருந்தார்கள். காற்று எதிரே வராததால் மிதிப்பதே தெரியவில்லை. அந்த ரோட்டில்தான் எதிரே ஒரு மீன்வண்டி வேகமாக வந்தது. முன்னால் போகிற நான்தான் குரல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு, அதுவரை நான் கையைத்தான் தூக்குவேன், கடைசியில் வருகிறவளுக்குத் தெரியாது. என்னை அறியாமல், "இடது பக்கம், ஒதுங்கு!" என்று கத்திவிட்டேன். கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிட்டன. வண்டி போனதும் சுனிதா, "கற்பகம் சேச்சிக்கு இத்ர ஒச்சயோ!" என்று என் சத்தத்தைக் கண்டு அதிசயப்பட்டாள், சிரித்துச் சிரித்து எல்லாரும் காலை ஊன்றி நின்றுவிட்டோம்.

செல்லானத்தில் கடல் சுவரடியில் உட்கார்ந்து அப்பமும் மீன்கறியும் சாப்பிட்டோம். நான் கறியைத் தொடவில்லை, மார்கழி என்று பேச்சி அக்காவுக்குத் துணையாக அப்பம் மட்டும். திரும்பும்போது கடற்காற்று எதிரே அடித்து முட்டி இரண்டும் கழன்றுவிட்டது, அது உண்மை, மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்தேன். ஆனால் மனது லேசாக இருந்தது. அடுத்த பயணத்துக்குத் துறவூர் வரை போய், அங்கிருந்து தைக்காட்டுசேரிப் பாலம் தாண்டி வேம்பநாட்டுக் காயல் ஓரமாகப் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விலகிப்போன மூன்று பேரில் இரண்டு பேர் அடுத்த அஷ்டமி எப்போது என்று என்னிடம் கேட்டாயிற்று. அதனால் நீ சொன்னதைக் கேட்க முடியாமல் போனதற்கு வருத்தப்படாதே, கோபமிருந்தால் போனில் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸ் சமயம் உங்கள் ஹோட்டலில் வேலை இடுப்பை ஒடிக்கும் என்று தெரியும், நின்றுகொண்டே சாப்பிடாதே. இஞ்சிப்புளியை ஈரக் கரண்டியால் எடுக்காதே, பூத்துவிடும். மாரியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவில் நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கடைசிவரை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பை எவ்வளவு கனம் என்று பார்க்க நேற்று அன்சார் வந்தபோது, உங்கள் அறையில் இருக்கும் திருச்சூர்ப் பையன் அந்த வீடியோவைக் காட்டி, இது உன் ஊர்தானே, இதில் யாரையாவது தெரியுமா என்று கேட்டதாகவும், நீ யாரையும் தெரியாது என்றதாகவும் அந்தப் பையனே போனில் சொன்னதை, சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் அதைத் தமாஷாகத்தான் சொன்னான், அவனிடம் சண்டை போடாதே. எனக்கும் கோபமில்லை, உன் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பையனிடம் நீ ஒருமுறை சொல்லவேண்டும், தண்ணீரில் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவள் என் அம்மா என்று.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா கற்பகம்
கொச்சங்காடி, மட்டாஞ்சேரி