பினாங்கில் ஒரு ராகு காலம்

பினாங்கு, 19.8.1936

அய்யா அவர்கள் பாதத்துக்கு ஒச்சாண்டி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சிங்கப்பூரில் நான் ஏறிய கப்பல் நேற்று இங்கே ஒரு பகல் நின்றது. சும்மா கிடப்பானேன் என்று நானும் தேவாரத்துச் சங்கிலியும் இறங்கிச் சுற்றினோம். மலையேறும் ரயிலைப் பார்த்தோம். தங்கச்சி மாயக்காள் மகனுக்குச் சீனன் கடையில் பட்டுச்சட்டை வாங்கினேன். துறைக்குத் திரும்பும்போது மணி மூன்று, செவ்வாய்க்கிழமை. ராகு காலத்தில் கப்பல் ஏறாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

"ஏலே, கப்பலுக்கு ஏதுலே ராகு காலம்? ஏறு" என்று சொல்லிவிட்டுச் சங்கிலி ஏறிவிட்டான்.

ஐந்துக்குத்தான் கிளம்பும் என்றிருந்தார்கள். நாலரைக்கு ஏறலாம் என்று துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கப்பல் நாலு மணிக்கே போய்விட்டது.

கவலை வேண்டாம், சத்திரத்தில் சோறு போடுகிறார்கள். அடுத்த கப்பல் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். காதுகுத்து ஆவணி பதினைந்து. அதுவும் நீங்கள் பார்த்த நல்ல நேரம், மாற்ற மாட்டீர்கள். தாய்மாமன் மடி கொடுக்கத்தான் ஐந்து வருஷம் கழித்துப் புறப்பட்டேன்.

கடுக்கன் கப்பலோடு போன என் பெட்டியில் இருக்கிறது, சங்கிலி கொண்டுவருவான். அதிலுள்ள கம்பளியை எடுத்து வெயிலில் போடவும். சட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது, இரவில் தலைக்கு வைத்துக்கொள்கிறேன். நான் பட்டினியில்லை என்று ஆத்தாவிடம் சொல்லவும்.

ஆகாய விமானத் தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். பிள்ளையை வேறு எவன் மடியிலும் வைக்காதீர்கள். என் பெட்டிமேல் உட்காரவைத்துக் காது குத்துங்கள். அது ராகு காலத்தில் கிளம்பியது, நேரத்துக்கு வந்துவிடும்.

ஒச்சாண்டி