உன் சிரிப்புக்கு விட்ட இடைவெளி

அன்புள்ள ஏட்டம்மாவுக்கு,

இங்கே நானும் குட்டியும் இருக்கிறோம். நீயும் உன் சோதனைக்கூடத்தில் ரத்தமும் சிரிஞ்சுமாகக் குறைவில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு செய்தி. உன் முழுப் பெயரையும் ஃபோன் நம்பரையும் ஒரு பெண் போலீஸிடமும் ஒரு நர்ஸிடமும் கொடுத்திருக்கிறேன். பதறாதே, உன் மேல் கேஸ் எதுவும் இல்லை. என் மேலும் இல்லை, மயிரிழையில் தப்பித்தேன். அந்த நர்ஸ் வருகிற வியாழக்கிழமை மறுபடி வருவார். அதற்குள் நீ என் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது. ஏன் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஃபோன் பண்ணியிருக்கலாமேடி என்பாய். ஃபோனில் நான் ஆரம்பித்ததும் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத் திருப்பிவிட்டு, இங்க எல்லாம் சூப்பர்டி, வச்சுடறேன் என்று வைத்துவிடுவேன். போன தடவை அப்படித்தான் ஆனது. நான்கு வரியில் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு அரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எழுத்தில் நீ குறுக்கே சிரிக்க முடியாது. அதனால்தான் கூரியர்.

வீட்டு நிலவரம் உனக்குத் தெரிந்ததுதான். அவர் கப்பலில் எலக்ட்ரீசியன். துறைமுகம் வந்தால் பேசுவார், கடலில் இருந்தால் இல்லை. பேசும்போது பாதி நேரம் கேக்குதா கேக்குதா என்பதிலேயே போய்விடும். என் அம்மா அண்ணன் வீட்டில். அண்ணிக்கு இரட்டைக் குழந்தை, எனக்கு ஒன்றுதானே, ஓட்டெடுப்பில் நான் தோற்றுவிட்டேன். நாலாவது மாடி, இரண்டு அறை, நான், குட்டி. வளர்ந்த ஆள் யாரிடமாவது ஒரு முழு வாக்கியம் பேச வேண்டுமென்றால் காய்கறி கொண்டுவந்து தருகிறவர்தான். அவரும் லிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே பேசுவார்.

நம் கொலைக்கதை பாட்காஸ்ட்டை நிறுத்தும்போது, நீ ரெடியானதும் சொல்லுடி, மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஒத்திகை தொடங்கினேன். நம் பாணி மாறாமல்: கொலைகாரியாக நானே பேசுவது, நான் இப்படிச் செய்தேன், அப்படிச் செய்தேன் என்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஊர்வம்பு பேசுகிற குரலில். வாக்குமூலம் எழுதிக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்டுச் சிரிக்க வேண்டிய ஏட்டம்மா மட்டும் இல்லை. உன் பதவியைக் குட்டிக்குக் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே, பொறுப்பு ஏட்டுதான், நிரந்தரம் இல்லை. ஆறு மாதக்காரிக்கு என்ன தெரியும், எதைச் சொன்னாலும் முஷ்டியைச் சப்பிக்கொண்டு கவனமாகக் கேட்கிறாள். மேலதிகாரிகளே அவ்வளவு பொறுமையாகக் கேட்பதில்லை.

தினம் மத்தியானம் குட்டியைக் குளிப்பாட்டுகிற நேரம்தான் நிகழ்ச்சி. குளியலறையில் எதிரொலி நன்றாக இருக்கும், ஃபோனை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பதிவு பண்ணுவேன். பேய்க் கதை ஒன்று உனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு குமாஸ்தா செத்துப்போகிறார், மறுநாளும் ஆபீஸுக்கு வருகிறார், ஆறு மாதம் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் பேய்க்கே மனசு விட்டுப்போய், நான் செத்துட்டேன் சார் என்று மேலாளரிடம் போய்ச் சொல்கிறது. சரி, அந்த ஃபைலை முடிச்சிட்டுப் போங்க என்கிறார் அவர். இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அப்புறம் ஏனோ அன்றைக்குக் குட்டிக்குத் தலை துவட்ட மறந்துவிட்டேன்.

இனிமேல்தான் கேஸ். போன செவ்வாய், நீச்சல் வாத்தியார் கதை. ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் கொடுத்த மனுஷனை அவன் பெண்டாட்டி வீட்டு அண்டாத் தண்ணீரில் முடித்துவிடுகிறாள். மெடல் வாங்கினவன், அண்டாவில். குட்டி அன்றைக்குத் தண்ணீரில் வைத்ததுமே வீரிட்டு அழுதாள். நான் அதைப் பின்னணி இசையாக வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன்: கையையும் காலையும் உதறினான் பாவம், நான் விடலையே, அமுக்கிப் பிடிச்சேன், கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுடுச்சு, அப்பாடான்னு இருந்துச்சு, கை துடைச்சிட்டு ஒரு காப்பி போட்டுக் குடிச்சேன். சரியாக அந்த இடத்தில் குட்டி அழுகையை நிறுத்தினாள். வாத்து பொம்மை கிடைத்துவிட்டது அவளுக்கு.

எங்கள் குளியலறை ஜன்னலும் கீழ்வீட்டுக் குளியலறை ஜன்னலும் ஒரே சந்தில் திறக்கின்றன. கீழே இருப்பது ஒரு தையல்கார அக்கா. அவர் அங்கே சாயம் போகிற துணியை அலசிக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்சம் யோசித்துப் பார், அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று. அதற்கு முந்தின வாரத்துக் கதைகள் வேறு இருக்கின்றன. திங்கள் விஷம் வைத்த மருமகள், புதன் செத்துப்போன குமாஸ்தா, வெள்ளி பூட்டு திறக்கிற திருடி. மேல்வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றே அவருக்குக் குழப்பம். அன்றைக்கு போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். நான் தலையில் துண்டும் கையில் ஈரக் குழந்தையுமாகக் கதவைத் திறந்தபோது, பெண் போலீஸ், காவலாளி, கழுத்தில் அளவு டேப்போடு அக்கா, மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். குட்டி உயிரோடு கொட்டாவி விட்டதும் அக்கா அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

போலீஸ்காரம்மாவுக்கு நம்மைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். குழந்தை எங்கம்மா என்றார். இதோ என்றேன். வேற குழந்தை இருக்கா என்றார். இது ஒண்ணுக்கே மூச்சு வாங்குது மேடம் என்றேன். அப்ப அமுக்கினது யாரை என்றார். நீச்சல் வாத்தியாரை என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வாத்தியார் இப்ப எங்க இருக்கார் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் குளியலறை டிரம்மைத் திறந்து பார்த்தார். வீட்டுக்காரரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றும் கேட்டார். கப்பலில் இருக்கிறார் என்று சொன்னபோது எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

வேறு வழியில்லாமல் பதிவைப் போட்டுக் காட்டினேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து முதலில் முறைப்பாகக் கேட்டார். காப்பி போட்டுக் குடித்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். டியூட்டியில் இருக்கிறோம் என்பது நினைவு வந்து தொப்பியைச் சரி செய்துகொண்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, மாசக்கணக்குக்குப் பிறகு என் கதைக்கு ஒரு ஆள் சிரிக்கிறார். இன்னொன்று போடட்டுமா என்று நானே கேட்டேன், வெட்கமில்லாமல். இரண்டாவதைக் கேட்கும்போதுதான் அவர், ஏம்மா, நடுநடுவுல பேச்சு நின்னு நின்னு வருதே, ஃபோன் கோளாறா என்றார். இல்லை மேடம், என் தோழி சிரிக்கறதுக்கு இடம் விட்டிருக்கேன், அவ குரலை அப்புறம் சேர்த்துக்கலாம்னு, என்றேன்.

அவர் உன் பெயரையும் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார். பதிவை நிறுத்தச் சொன்னார். அறையைச் சுற்றிப் பார்த்தார். சாப்டியாம்மா என்றார். அதுவரை வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தவர். கேஸ் எதுவும் எழுதாமல் போய்விட்டார். ஆனால் மறுநாள் சுகாதார மையத்திலிருந்து ஒரு நர்ஸை அனுப்பிவைத்தார்.

அந்த நர்ஸ் ஒரு விசித்திரமான பிறவி. எதையும் வேடிக்கையாகச் சொன்னால் சிரிக்கிறார், சிரித்து முடித்ததும் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார். தப்பிக்கவே முடியவில்லை. தூக்கம் எப்படி என்றார். பேய்களுக்கு ஷிஃப்ட் உண்டு, எனக்கு அதுவும் இல்லை என்றேன். சிரித்தார். சரி, தூக்கம் எப்படி என்றார். பிறகு எழுந்து குளியலறைப் பக்கம் போனார். குட்டியின் டப்பைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் துணிப்பவுடர் பையை ஏற்றி வைத்திருந்தேன். பாப்பாவைக் குளிப்பாட்டலையா என்று கேட்டார். சளி என்றேன். குட்டியின் மூக்கைப் பார்த்தார். மூக்கு சுத்தமாக இருந்தது. அவர் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஏட்டம்மா, அவரிடம் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன். நிதானமாகப் படி. அன்றைக்கு அமுக்கிப் பிடிச்சேன் என்று சொன்னபோது என் கை தண்ணீருக்குள் அவள் முதுகைத் தாங்கியிருந்தது. அந்த நொடியில், இந்தக் கை கதையை நிஜமாக எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. நானாக நினைக்கவில்லை, அதுவாக வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. கதவு தட்டினதும் எல்லாம் வேடிக்கையாகிவிட்டது. ஆனால் போலீஸ் போன பிறகு அது திரும்பி வந்தது, அதற்குப் பிறகு வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அவள் மேல் கோபம் ஒரு துளி இல்லை. அவள் நகத்தை வெட்டக்கூடப் பயந்து தள்ளிப்போடுகிறவள் நான், அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு நினைப்பு. ஊரிலுள்ள கொலைகாரிகள் வாயெல்லாம் நான் பேசியிருக்கிறேனே, அதில் ஒருத்தி உள்ளேயே தங்கிவிட்டாளோ என்று பயம்.

நர்ஸ் இதற்குச் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. தூங்காத அம்மாக்கள் நிறைய பேருக்கு இப்படி வரும்மா, வெளிய சொல்றவங்கதான் கொஞ்சம் என்றார். டப்பைக் கவுத்து வச்சியே, அது யார் வேலை, உள்ள தங்கினவ வேலையா, உன் வேலையா என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. வியாழக்கிழமை டாக்டரைக் கூட்டி வருகிறாராம். மருந்து வேண்டுமா, தூக்கம் போதுமா என்பதை அவர் பார்த்துச் சொல்வாராம். ஆனால் அதுவரையும் அதற்குப் பிறகு சில வாரமும் நான் தனியாக இருக்கக் கூடாதாம். கூட யாரும்மா இருப்பாங்க என்றார். வாயில் உன் பெயர்தான் வந்தது. எப்ப வர்றாங்க என்றார். புதன்கிழமை என்றேன். அவ்வளவு தெளிவாகப் பொய் சொன்னதில் எனக்கே ஆச்சரியம்.

பொய் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போலீஸ் வந்த விஷயம் கப்பலில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குப் போய், அவர் மூலமாக மாமியாருக்கும் போய்விட்டது. அத்தை நல்ல மாதிரிதான் பேசினார்கள். குழந்தையைக் கொஞ்ச நாள் நான் வச்சுக்கறேம்மா, உனக்கும் ஓய்வா இருக்கும், அடுத்த சனிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போறேன் என்றார்கள். மாமா படுக்கையில் இருப்பதால் இங்கே வந்து தங்க முடியாது. என்னையும் கூட வரச் சொல்லவில்லை, மறந்திருப்பார்கள். அவரும் அம்மா சொல்றது சரிதானேம்மா என்கிறார். நர்ஸ் மட்டும்தான், பெத்தவளும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கட்டும், கூட ஒரு ஆள் இருந்தா போதும், நான் அவங்ககிட்ட பேசறேன் என்கிறார். அந்த ஒரு ஆள் இல்லையென்றால் அவரும்தான் என்ன பேசுவார்.

கீழ்வீட்டு அக்கா பகலில் ஒரு மணி நேரம் வந்து குட்டியை வைத்துக்கொள்கிறார். போலீஸைக் கூப்பிட்டதற்கு எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டார். நான்தான், நீங்க கூப்பிட்டதுதாங்க்கா நல்லது என்றேன். தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்பார்கள், அவரால் அதற்கு மேல் முடியாது. போகும்போது நேற்று, அந்த அண்டாக்காரி கடைசியில மாட்டினாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிடும்மா, தூக்கம் வரல என்றார். மாட்டிக்கிட்டா, தானா போய்ச் சரணடைஞ்சுட்டா என்றேன். கதையில் அப்படி இல்லை. அவர் நிம்மதியாகப் போனார்.

உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாலு மாதமாக நீ பேசவில்லை, நானும் பேசவில்லை, அதில் யார் கணக்கும் எனக்கு வேண்டாம். வர முடியாது என்றால் அதையும் நேராக எழுதிவிடு. நர்ஸிடம் உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை குட்டியின் துணிகளை மடித்துக் கொடுக்கிறேன். உன் மேல் வருத்தம் வராது என்று எழுத நினைத்தேன். அந்த வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

வந்தால், நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். கதை கேட்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ஐந்து நாளாகக் குட்டியை ஈரத் துணியால் துடைத்துத்தான் விடுகிறேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே பாவம் குளியலறைப் பக்கம் கையை நீட்டுகிறாள். நீ வந்து அந்த வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. நீ அங்கே இருக்கும்போது நான் அவளைக் குளிப்பாட்டிவிடுவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். புதன்கிழமை வண்டியில் இடம் கிடைக்கிறதா என்று பார்.

உனக்காக வழி பார்த்திருக்கும்,
குட்டியின் அம்மா