மூன்று கல்லறைகளும் ஒரு ஞாயிறும்

மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்ப்பா" என்கிறாய், அதனால்தான் கடிதம்.

விசா வந்துவிட்டது. நூலகத்தில் உட்கார்ந்து, உன் ஊர்ப் பக்கம் பார்க்க வேண்டியவற்றைக் குறித்துவிட்டேன். மூன்றுமே மண்ணுக்கு அடியில் இருக்கும் பழங்காலக் கல்லறைகள். ஒன்று வடக்கே, பாறையைக் குடைந்து ஆயிரம் மாடக்குழிகள். இன்னொன்று கடலோரம், சுவரெல்லாம் மீனும் மயிலுமாக ஓவியம். மூன்றாவது மலையடிவாரத்தில், எலும்புகளை அடுக்கி வைத்த சுரங்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை, நாளுக்கு ஒன்றுதான் முடியும். மூன்று நாள் லீவு சொல்லி வை. அம்மா இறந்தபோது வந்து போனாய், நாலு வருஷம் ஆகிறது. முடியாது என்று எடுத்த எடுப்பில் சொல்லாதே.

அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதில் என் வார்டே ஆட்டம் கண்டிருக்கிறது. தலைமை நர்ஸ் என்று பெயர்தான். டியூட்டி அட்டவணை போடும் நானே எல்லா ஓட்டையையும் அடைக்கிறேன். கால் வீங்கிக் கிடக்கிறது. நேற்று பஸ்ஸில் தூங்கிப்போய், கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன்.

மூன்று நாள் கிடைக்காது. ஞாயிறு ஒரு நாள்தான். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடலோரத்தில் படி குறைவு, ரயிலும் நேராகப் போகிறது. வடக்கே நூற்றெண்பது படியாம். எலும்புச் சுரங்கம் எனக்கு வேண்டவே வேண்டாம்.

வாலு

மார்ச் 22

அன்புள்ள வாலுவுக்கு,

ஒன்றைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வருவது? எலும்புக்குப் பயந்தால் நீ வெளியிலேயே உட்கார்ந்திரு. பக்கத்து வீட்டு வாத்தியார்கூடக் கேட்டார், "போயும் போயும் கல்லறையா சார்?" என்று. "சரித்திரம் சார்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு மூன்றும் வேண்டும். எதையும் விட மனசில்லை.

அப்பா

ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மூன்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். முதல் இரண்டு நாள் ஒரு வழிகாட்டி கூட வருவார், பொறுமையான மனிதர். குழப்பம் வராமலிருக்க, வார்டு அட்டவணைத் தாளிலேயே எழுதி இணைத்திருக்கிறேன். வெள்ளி, காலை டியூட்டி: வழிகாட்டி. சனி, காலை டியூட்டி: வழிகாட்டி. ஞாயிறு, பகல் டியூட்டி: மகள். இப்போது திருப்திதானே?

வாலு

ஏப்ரல் 12

அன்புள்ள வாலுவுக்கு,

அட்டவணை கிடைத்தது. 'மகள்' என்று எழுதியிருந்த கட்டத்தை இரண்டு முறை படித்தேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று இருக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக, லிஃப்டுக்கு அடியில், குழிக்குள், கிரீஸோடு கிடந்தவன் நான். காசு கொடுத்து இன்னொரு குழிக்குள் இறங்க எனக்கென்ன பைத்தியமா? உன் ஊரிலேயே நாலு அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரே நாளில் முடிந்துவிடும். ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி இருந்தவை இந்தக் கல்லறைகள்தான். மூன்று நாள் ரயிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம் என்று கணக்குப் போட்டேன். நேராகக் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

அப்பா

ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உடை மாற்றும் அறையில் நின்றபடியே படித்தேன். அழுதேன். உங்களைப் போய் அந்தத் தாளில் ஏற்றினேனே என்று வெட்கமாக இருந்தது. பிறகு மேலதிகாரியிடம் மூன்று நாள் கேட்டேன். "ஆள் எங்கேம்மா இருக்கு?" என்றார். ஆள் இல்லை என்பது அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆகவே இருப்பது அந்த ஒரு ஞாயிறுதான். வழிகாட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எந்தக் கல்லறைக்கும் வர என் உடம்பில் தெம்பில்லை. நான் தூங்குவேன். மதியம் வரை, ஒருவேளை சாயங்காலம் வரை. என் அறையில் இருப்பது ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவைக்கிறேன். நீங்கள் அதில் உட்கார்ந்திருந்தால் பயமில்லாமல் தூங்குவேன் அப்பா. அப்படித் தூங்கி ரொம்ப நாளாயிற்று.

அது உங்களுக்குப் போதும் என்றால், வாருங்கள்.

வாலு