ஒன்பது விரல் படை பிறந்த இடம்

மச்சான்,

இன்று காலை பட்டறைக்கு ஒரு பெட்டி வந்தது. ஏர்கோன் சாமான் என்று நினைத்துப் பிரித்தேன். புது மையின் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இருபது புத்தகங்கள். அட்டையில் உன் வீரர்கள் நெற்றி விளக்கோடு நின்றார்கள். கீழே உன் பெயர். உன் பெயர் மட்டும்.

முதல் பதிப்பில் அந்த இடத்தில் குணாவின் பெயர் இருந்தது. நம்மோடு ஒரே வகுப்பில் படித்த அதே குணாதான். நீ போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் கருமாதி அன்று அவன் உன் அம்மாவிடம் வந்தான். "நோட்டையெல்லாம் குடுங்கம்மா. என் பிரிண்டிங் கடையிலயே அடிச்சி, அவன் பேர்ல கொண்டு வாரேன்" என்றான். அம்மா ஏழு நோட்டுகளையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கத் தோன்றவில்லை. நல்ல மனசு என்றுகூட நினைத்தேன்.

தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நீ எழுதிய நோட்டுகள் அவை. முந்நூறு வருடம் கழித்து, சனிக்கிரகத்தின் நிலவொன்றில் போரிடும் ஒன்பது விரல் படை. எல்லாருக்கும் இடது கையில் சுண்டு விரல் இருக்காது. ஏன் என்று ஏழு நோட்டிலும் நீ எழுதவில்லை. படை எப்படித் தோன்றியது என்ற அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டும் வைத்துவிட்டுப் பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தாய்.

எனக்கு மட்டும் சொன்னாய். வாரம் மூன்று நாள் உன்னை ஈப்போவுக்கு டயாலிசிஸ் கூட்டிப்போன காலம். பத்து காஜா சாலையில் மழை. கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "படையில மொத ஆளு ஒரு பொம்பள மச்சான்" என்றாய்.

"அந்த நெலாவுல வேலைக்குக் கொண்டு போனவங்கள்ல ஒருத்தி. மெஷின்ல வெரல் மாட்டிக்கிச்சி. இவ கவனக்குறைவுதான்னு கணக்கெழுதுற கிராணி புக்குல எழுதிட்டான். அவ ஒண்ணும் பேசல. மெஷின எப்படி நிறுத்துறதுன்னு மட்டும் கத்துக்கிட்டா. அப்புறம் ஒவ்வொருத்தருக்கா சொல்லிக் குடுத்தா. ஒருநாள் எல்லா மெஷினும் நின்னுருச்சி. படை அங்கதான் ஆரம்பம்."

எனக்கு உடனே அம்மாவின் இடது கை ஞாபகம் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் கித்தாப்பாலைத் தகடாக அழுத்தும் உருளையில் போன விரல். யார் வந்தாலும் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொள்ளும் கை.

"ஏன் இத எழுதல?" என்று கேட்டேன்.

"அம்மா படிச்சிருவாங்கல்ல. அந்தக் கையை யாரும் பாக்குறது அவங்களுக்குப் புடிக்காது."

குணா தன் பெயரில் ஒரு பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்த புத்தகத்தை, கடைக்கு வந்த அன்றே வாங்கினேன். ஒரு வரிகூட மாறவில்லை. அவன் சொந்தமாக எழுதியது அந்த வெறும் பக்கங்களை மட்டும்தான். அதில் படையின் முதல் வீரன் ஓர் இளவரசன். நாட்டைக் காப்பேன் என்று சபதம் செய்து, பொன் வாளால் தன் விரலைத் தானே வெட்டிக்கொள்கிறான். திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. உன் அம்மாவை எடுத்துவிட்டு அங்கே ஒரு ராஜா வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்ததைப் பொறுக்க முடியவில்லை.

நேரே அம்மாவிடம் போனேன். நீ மறைத்ததையும், அன்று மாலை ஈப்போவில் புத்தக வெளியீடு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தது தப்போ என்று பயந்தேன்.

பிறகு, "வெளியீடு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

ஈப்போ மண்டபத்தில் நல்ல கூட்டம். மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி. கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். "இவங்களுக்கு ஏன் ஒம்பது வெரலு?"

என்னைப் பார்த்ததும் குணாவின் முகம் மாறியது. ஆனாலும் மைக்கைப் பிடித்தான். "அது எம் மனசுல ரொம்ப நாளா இருந்த கதை. ஒரு இளவரசனோட தியாகம்..."

என் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா எழுந்தார். சேலைத் தலைப்பை விலக்கி, இடது கையை உயர்த்திப் பிடித்தார்.

"இளவரசன் இல்லப்பா. நாந்தான். எம் மவன் எழுதுன நோட்டு ஏழும் ஒங்கிட்டதான் இருக்கு. எப்பப்பா திருப்பித் தருவ?"

குணா தண்ணீர்ப் போத்தலை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். நான் அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தேன்.

அதோடு நான் விட்டிருக்கலாம். அம்மாவும், "போதும் தம்பி" என்றார். விடவில்லை. நீ கைப்பேசியில் எனக்கு அனுப்பிவைத்த நோட்டுப் பக்கங்களின் படங்கள் இருந்தன. பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அவனைப் பேச அழைத்திருந்த ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பினேன். அவன் மாமனாருக்கும் அனுப்பினேன். நோட்டுகள் ஏழும் திரும்பி வந்தன. பதிப்பகம் பழைய புத்தகங்களைத் திரும்பப் பெற்று, உன் பெயரில் மறுபடி அடிக்க ஒத்துக்கொண்டது. அந்த வெறும் அத்தியாயத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீ காரில் சொன்னதைவிட அதில் கோபம் அதிகம்.

குணா ஒருமுறை உன் வீட்டுக்கு வந்து அழுதான். அம்மா அவனை உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் வாசலை விட்டு உள்ளே போகவில்லை. வெளியே வந்தவன், "மன்னிச்சிரு மச்சான்" என்றான். "என்னை மச்சான்னு கூப்பிடாதே" என்றேன்.

போன வாரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் என்னைக் கண்டதும், பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். மெலிந்து போயிருக்கிறான். நான் என் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நீ உயிரோடு இருந்திருந்தால் தோளில் கை போட்டு, "விடு மச்சான், பாவம்லா" என்றிருப்பாய். நானும் விட்டிருப்பேன்.

நீ இல்லை. நான் விடவில்லை.